மாப்பிள்ளைக் காரின் பாரம்

உப்பளங்களைத் தாண்டியதும் கார் இரண்டு முறை விக்கியது. பிறகு நின்றேவிட்டது.

"பயப்படாதல எஸ்றா, மூச்சு வாங்குது. அவ்வளவுதான்" என்றார் தேவதாசன்.

எஸ்றா எப்படிப் பயப்படாமல் இருப்பான்? அவன்தான் மாப்பிள்ளை. நாசரேத்தில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் கோயிலில் கல்யாணம் நடத்தச் சட்டத்தில் இடமில்லை. கொஞ்சம் பிந்தினாலும் குருவானவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

"பேசாம கரி பஸ்ஸிலயே போயிருக்கலாம் மாமா."

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதிலிருந்து பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில்தான் ஓடின.

"என் தங்கச்சி மகன் கரி மூஞ்சியோட கோயிலுக்குள்ள போறதா? ஒன்னைய கார்ல கொண்டாந்து வாசல்ல இறக்குவேன்னு ஒங்க அம்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்லா!"

கருப்பட்டி வியாபாரி தேவதாசனுக்கு உலகத்தில் இரண்டு பெருமைகள். ஒன்று இந்தப் பழைய சீமைக் கார். மற்றொன்று, அதைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது. காரின் முன்பக்கத்தில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். கார் அசைந்து கொடுக்கவில்லை. பிளக்கைத் துடைத்தார், மறுபடி சுற்றினார். வேர்த்ததுதான் மிச்சம். கடைசியில் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திருகினார். அது 'உஸ்' என்று பெருமூச்சு விட்டது. உள்ளே குச்சி விட்டுப் பார்த்தார்.

"முக்கால்வாசி இருக்கே!"

"இருக்கும்லா" என்றாள் பின்சீட்டிலிருந்த மனைவி ஜீவமணி, மடியிலிருந்த முந்திரிக்கொத்துப் பலகாரப் பானையை அணைத்துக்கொண்டு.

தேவதாசன் மூடியைப் போட்டுத் திருகிவிட்டு யோசித்தார். "பெட்ரோல் இருக்கு, பிளக்கும் சுத்தம். அப்ப பாரம்தான் காரணம். ஏளா, நீ இறங்கு. பின்னால பஸ் வரும், அதுல வா."

ஜீவமணி முணுமுணுத்தபடி பானையோடு இறங்கினாள். அவர் ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினார், கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா? பாரம்!"

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வழி நெடுக மருமகனுக்குப் பாடம் நடத்தினார். ரேடியேட்டருக்கு ஏன் தண்ணீர், பிளக்கில் எப்படிப் பொறி, எல்லாம் வந்தது. "டாங்க் மூடியிலகூட ஊசி ஓட்டை ஒண்ணு வச்சிருக்கான் வெள்ளக்காரன். அது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். மண்ணெண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போடுதோம்லா, அதே கதை. என்னா மூளை!"

ஆத்தூர் வாழைத்தோட்டத்துப் பக்கம் கார் மறுபடி நின்றது. ஹாண்டிலுக்கு மசியவில்லை. மூடியைத் திருகி, அது 'உஸ்' என்று அடங்கியதும் பெட்ரோல் பார்த்தார், இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளைத் தோழன் எபனேசரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நல்லாச் சாப்பிடுத ஒடம்பு போலிருக்கே."

"அண்ணாச்சி, நான் காலையில இருந்து பட்டினி!"

எபனேசர் இறங்கினான். கார் ஓடியது.

குரும்பூர் எல்லையில் அது மூன்றாம் தடவை நின்றபோது வெயில் நன்றாகச் சாய்ந்துவிட்டது. தேவதாசன் குச்சி விட்டுப் பார்த்து மூடிவிட்டு மருமகனிடம் வந்தார்.

"மாமா! நான் மாப்பிள்ளை!"

"பாரத்துக்கு மாப்பிள்ளை என்ன, மச்சான் என்ன? நீ பஸ்ஸில வா. நான் முன்ன போயி குருவானவர் கையைப் பிடிச்சு நிறுத்தி வைக்கேன். கோட்டைக் கழட்டிக் குடு, கரி பட்டுரும்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் தேவதாசன். ஏழுக்கு முன்பே ஹாரன் முழங்கக் கார் கோயில் வாசலில் வந்து நின்றது. பெண்ணின் தகப்பனார் மாலையோடு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். சீட்டில் கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை எங்க?"

"பாரம் தாங்கலை..." என்று தொடங்கியவர் கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முன்னமே கோயிலுக்கு வந்துவிட்ட தங்கை, எஸ்றாவின் அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதல் தடவையாக அந்தக் காரை அவர் வெறுத்தார். வெட்கத்தில் யார் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் இருமிக்கொண்டே வந்தது கரி பஸ். அண்டங்காக்கை நிறத்தில் எஸ்றா குதித்து, கோட்டை மாட்டிக்கொண்டே கோயிலுக்குள் ஓடினான். பின்னாலேயே எபனேசர் ஓடினான். தாலி ஏறி, குருவானவர் ஆசீர்வதித்து முடிக்கவும், மணி ஏழு அடிக்கவும் சரியாக இருந்தது.

தேவதாசன் வெளியே காரில் சாய்ந்து நின்றார். ஜீவமணி பானையோடு அவரிடம் வந்தாள்.

"ஏங்க, பெட்ரோல் எவ்வளவு மிச்சம்?"

"அதுக்கென்ன கேடு? கொறஞ்ச மாதிரியே இல்ல" என்று எரிந்து விழுந்தார்.

ஜீவமணியின் முகம் மலர்ந்தது.

"பின்ன? கூப்பன் பெட்ரோல் அந்த மூடி ஓட்டை வழியா ஆவியாப் போகுதேன்னு, காலையில நான்தான் மெழுகுதிரியை உருக்கி ஊத்தி அடச்சு வச்சேன்!"