உங்களுக்கு அங்க என்ன வேலை, அத்தை?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று தொடங்குவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பந்தியம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது முறைக்காக எழுதியது இல்லை, நிஜம். போனில் பேசாமல் இந்தம்மா ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் ‘சரி கண்ணு, வர்றேன்’ என்று சொல்லிவிடுவேன். காகிதம் அழாது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னால் வர முடியாது.

இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இனி மேலே போகலாம். போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். ‘அத்தை, அம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும். இவளை வேலையை விடுன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறா. நீங்க வந்துட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்றார். ‘கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை’ என்றேன். ‘இதுல யோசிக்க என்ன இருக்கு? கம்பெனிதான் உங்களை நிறுத்திருச்சே. உங்களுக்கு அங்க என்ன வேலை, அத்தை?’ என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். நல்ல மனுஷன், தெரியாமல்தான் கேட்டார். அதுதான் சுருக்கென்றது. ‘டிரம்ஸ் கிளாஸ் இருக்குங்க’ என்றேன். அப்புறம், ‘லைன் சரியில்லைன்னு நினைக்கிறேன் அத்தை’ என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் நீ கூப்பிட்டாய். ‘அம்மா, நீ கடைசியா எப்போ டாக்டர்கிட்ட போன?’ என்று கேட்டாய். தலையில் அடிபட்டதா, கீழே விழுந்தாயா, மாத்திரையை மாற்றிப் போட்டாயா என்று கேட்டாய். டிரம்ஸ் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் எங்கள் தையல் லைனை மூடிய அன்றைக்கு ஆளுக்கொரு சட்டை கொடுத்து அனுப்பினார்கள், ஆண்பிள்ளைச் சட்டை, விற்காமல் கிடந்தது. நம் வீட்டில் ஆண்பிள்ளை யார்? அதன் காலரைப் பார்த்தேன், நான் தைத்ததுதான். முப்பது வருஷம் காலர் மட்டுமே தைத்தவளுக்குத் தெரியாதா? சட்டையை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் என் வலது கால் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அது பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. டிவி பார்த்தாலும் மிதிக்கிறது, காய் நறுக்கினாலும் மிதிக்கிறது, பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைக்கிற அளவுக்கு மிதிக்கிறது. இந்தக் காலை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு போகும்போதுதான் டயர் கடைக்கு மேலே அந்தப் பலகையைப் பார்த்தேன். ‘எந்த வயதிலும் சிரமமில்லாமல் டிரம்ஸ் கற்றுக்கொள்ளலாம்.’ டிரம்ஸ் என் கண்ணில் படவே இல்லை. சிரமமில்லாமல் என்கிற சொல்தான் பட்டது. நீச்சல் என்று போட்டிருந்தாலும் ஏறியிருப்பேன், குத்துச்சண்டை என்று போட்டிருந்தாலும் ஏறியிருப்பேன். இத்தனை வயசில் சிரமம் வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் ஒரு தகரப் பலகை.

மேலே போனால் டீச்சர், உன்னைவிடச் சின்னவள், தலைமுடி பாதியைச் சிரைத்துப் பாதியை விட்டிருக்கிறாள். ‘யாரைச் சேர்க்கணும்மா? பேரனா, பேத்தியா?’ என்றாள். ‘என்னை’ என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், ‘செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க’ என்றாள், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். காலுக்கு நேரே பெரிய டிரம், அதற்கு ஒரு பெடல். ‘மிதிங்க’ என்றாள். மிதித்தேன். தொம் என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. நான் இன்னும் அழுத்தினேன், விடாமல் அழுத்திப் பிடித்தேன், ஒரு சத்தமும் இல்லை. எங்கள் மெஷினில் பெடலை அழுத்திப் பிடித்தால் அது பாட்டுக்கு ஓடும், குதிகாலால் பின்னால் தள்ளினால் நூலை அறுத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பழக்கத்தில் குனிந்து வயரைத் தேடினேன். ‘கரண்ட் இல்லையா டீச்சர்?’ என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘அம்மா, கரண்டே நீங்கதான். ஒரு மிதிக்கு ஒரு அடி. மிதிச்சிட்டு விட்டுரணும்’ என்றாள். விடுவது எனக்கு வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அடிக்க வேண்டும் என்று கேட்டேன். ‘எத்தனையும் வேணாம்’ என்றாள். டார்கெட் இல்லாமல் ஒரு இடம் எப்படி நடக்கும் என்று எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது.

குச்சியை இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம். அடித்ததும் டிரம்மின் தோலே குச்சியை மேலே தூக்கிவிடுகிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். நாம் இறக்கினால் போதும், ஏற்றுவது அதன் பொறுப்பு. பாதி நாம், பாதி அது. உன் அப்பாவோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவள் நான், எனக்கு இந்தக் கணக்கே புதுசு.

இரண்டாவது வகுப்பில் டீச்சர், ‘தோளை இறக்குங்கம்மா’ என்றாள். ‘இறக்கித்தானே இருக்கு?’ என்றேன். ‘இல்லம்மா, காதுகிட்ட இருக்கு’ என்று கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாள். பார்த்தால் நிஜம்தான். யாரோ பின்னாலிருந்து அடிக்கப் போகிற மாதிரி தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பருந்து என்று ஒரு சூப்பர்வைசர் இருந்தானே, நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவனைப் போல நடித்துக் காட்டுவேனே, அவன் பின்னாலிருந்துதான் வருவான். மெதுவாகத் தைத்தால் நாற்காலியை உதைப்பான், ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தால் கடிகாரத்தைக் காட்டுவான். அவன் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. என் தோளுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. டீச்சர் பின்னால் வந்து இரண்டு கையையும் தோளில் வைத்து மெல்ல அழுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், ‘அம்மா, எலும்புல பட்டுடுச்சா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?’ என்று கத்த, கீழேயிருந்து டயர் கடைக்காரர் கையில் ஸ்பானரோடு ஓடிவந்து, ‘என்ன, என்ன?’ என்று கேட்க, ‘ஒண்ணுமில்லங்க, தோளை இறக்கினேன்’ என்றேன். அவர் என்னையும் பார்த்தார், ஸ்பானரையும் பார்த்தார், இறங்கிப் போனார்.

வீட்டில் டிரம்ஸ் கிடையாது. தலையணையில் அடித்தேன், பழைய வாளியைக் கவிழ்த்து அடித்தேன். கீழே வீட்டுக்காரர், ‘என்னம்மா, ஆணி அடிக்கிறீங்களா?’ என்று கேட்டார். டிரம்ஸ் என்று சொன்னால் வாடகையை ஏற்றுவார், பைத்தியம் என்றால் காலிபண்ணச் சொல்வார். ‘ஆமாங்க, ஆணிதான்’ என்றேன். மனுஷன் சும்மா இருக்காமல், எங்கே பார்க்கட்டும் என்று மேலே ஏறிவர ஆரம்பித்துவிட்டார். அவர் படியேறி வருவதற்குள் அவசர அவசரமாக நாலு ஆணியைச் சுவரில் அடித்தேன். ஒன்றில் உன் அப்பா படத்தை மாட்டினேன். ‘மத்த மூணும்?’ என்றார். அதுக்கெல்லாம் இன்னும் ஆள் போகவில்லை என்றேன். அன்றிலிருந்து அவர் சத்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. இப்போது இதையும் கேள். போன வகுப்பில் டீச்சர் ஒரு தாளம் சொல்லிக்கொடுத்தாள். மூன்று அடி, நாலாவது இடத்தில் ஒன்றும் இல்லை. என் கை நாலாவதையும் அடிக்கிறது. ‘அங்க அடிக்காதீங்க’ என்கிறாள். மறுபடியும் அடிக்கிறேன். ‘ஏம்மா, அந்த இடத்தை விட மாட்டேங்கிறீங்க?’ என்றாள். சும்மா இருந்தால் கூலி வெட்டு, அதனால்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ‘சும்மா இருக்கிறதும் தாளத்துலதாம்மா சேர்த்தி’ என்றாள். மாப்பிள்ளை கேட்டாரே, எனக்கு இங்கே என்ன வேலை என்று. இதுதான் வேலை. நாலாவது இடத்தில் சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. வருவதற்குள் கூப்பிட்டுவிட்டீர்கள்.

இனி எழுதப்போவதை மாப்பிள்ளை படித்தாலும் எனக்குக் கவலையில்லை. சம்பந்தியம்மாவுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்கும் இரண்டிரண்டு கை. ஒருத்தருக்கும் பெற்றவளுக்குத் துணி மாற்றிவிட வராதாம், கூசுகிறதாம். அந்தம்மா இவர்களுக்கு மாற்றிவிட்டபோது கூசவில்லை. பெரியவருக்குக் கடை, நடுவுள்ளவருக்கு வெளியூர் வேலை, சரி. உன் வீட்டுக்காரர் வீட்டிலிருந்துதானே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்? அவர் மேசைக்கும் அம்மா கட்டிலுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறக்க நான் பொழுதெல்லாம் பஸ்ஸில் வர வேண்டும். உங்கள் கல்யாணம் பேச வந்தபோது என்னைச் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ‘தையக்காரிதானே, எதுல வேணா உக்காருவா’ என்று உள்ளே சம்பந்தியம்மா சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வஞ்சத்தில் வர மாட்டேன் என்கிறேன் என்று நினைக்காதே. விழுந்து கிடக்கிற உடம்பின் மேல் என்ன வஞ்சம்? அவளும் அவள் மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள்தான். இப்போது அவள் விழுந்ததும் மகன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பொம்பளையைத் தேடுகிறார்கள். கம்பெனி நிறுத்தியவள், புருஷன் செத்தவள், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள். என் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை.

நான் வராவிட்டால் உன் வேலை போகும் என்று தெரியும். ஆபீஸில் உன்னைக் குழுத் தலைவியாகப் போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது என்றும் தெரியும். என் டிரம்ஸுக்கு உன் வேலை பலி என்று எழுதினால் நன்றாகவா இருக்கிறது? ஆனால் அந்த வீட்டில் கணக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அம்மா இல்லாவிட்டால் மகள், மகள் இல்லாவிட்டால் அம்மா. மூன்றாவதாக ஒரு பெயர் அந்தக் கணக்கில் ஏன் இல்லை என்று நீ கேள். சத்தமாகக் கேள். கேட்க வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போ. நான் வர மாட்டேன். இதுதான் முடிவு.

உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும். உன் வேலை நிலைக்கட்டும். மாப்பிள்ளைக்குக் கூச்சம் தெளியட்டும். சம்பந்தியம்மா எழுந்து நடந்து, என்னைப் பழையபடி நாலு வார்த்தை திட்டுகிற அளவுக்கு நாக்கு திரும்பட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டேன். அங்கே நிற்கும்போது உன் போன் வந்தது. நீ அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன், அதற்குத்தான் தயாராக இருந்தேன். ‘அம்மா, நீ வர வேணாம். நீ கிளாஸுக்குப் போ. வேலையை விடறேன்னு இன்னிக்குச் சொல்லிட்டேன். நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்’ என்றாய். காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாய். இருபத்தெட்டு வயசில் ஒரு பெண்ணுக்கு அந்தக் குரல் வரக் கூடாது.

நீ எழுதிக் கொடுக்காதே. சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள், அம்மா வந்துவிட்டாள் என்று சொல். டீச்சரிடம் போய் ஊருக்குப் போகிறேன் என்றேன். ‘எப்பம்மா திரும்பி வருவீங்க?’ என்றாள். ஒரு வாரம், மாப்பிள்ளைக்குத் துணி மாற்றவும் புரட்டிப் படுக்கவைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றேன். அவள் நம்பினாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

உறையைப் பிரித்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபால் செலவு மிச்சம், கையிலேயே கொண்டுவருகிறேன். கதவைத் திறந்ததும் என் பையை வாங்காதே, இதை வாங்கு. நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் படித்துவிடு. மேலே எழுதியது அத்தனையும் நிஜம். நான் வந்து நிற்பதும் நிஜம்.