ஆவுடையப்பன் தொலைநோக்கி வாங்கிய கதை

ஒரு காட்டில், அங்கே சிங்கம் ராஜாவா என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அவர் வேண்டாம், ஆவுடையப்பன் என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தான். அலகென்றால் அப்படியொரு அலகு. அவன் திரும்பி உட்கார்ந்தால் பக்கத்துக் கிளைக்காரர்கள் குனிந்துகொள்வார்கள். அவன் பெண்டாட்டி கோமதி, மரப்பொந்துக்குள் குஞ்சோடு இருந்தாள்.

இருவாச்சி வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டையிடப் போகிற பெண் பொந்துக்குள் போனதும் வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். அந்தச் சந்து வழியாக வீட்டுக்காரர் கொண்டுவந்து ஊட்டுகிற அத்திப்பழம்தான் அவளுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. அவர் வந்தால் உண்டு, வராவிட்டால் பட்டினி.

ஆவுடையப்பன் வராமல் இருந்ததில்லை. வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், அவ்வளவுதான்.

"காலையில போன ஆளு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்பாள் கோமதி.

"என்ன செய்யச் சொல்ற? காடே காய்ஞ்சு கெடக்கு. அந்த மலை, இந்த மலைன்னு சுத்தி றெக்கை கழண்டு போச்சு. கண்ணு வேற முன்ன மாதிரி இல்லை கோமதி. தூரத்துல பழம் இருந்தாத் தெரியவே மாட்டேங்குது."

இதைச் சொல்லும்போது அவன் அலகோரத்தில் அத்தி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. கோமதி பார்த்தாள்.

உண்மை என்னவென்றால், எதிர்மலைச் சரிவில் ஒரு அத்திமரம் கொத்துக் கொத்தாகப் பழுத்துத் தொங்கியது. பொந்தில் பெண்டாட்டியை வைத்திருக்கிற ஆண் இருவாச்சிகளுக்கெல்லாம் அதுதான் சங்கக் கட்டடம். வயிறு முட்டத் தின்று, பச்சைப்புறா அவிழ்த்துவிடுகிற ஊர்க்கதையைக் கேட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் ஐயாமாருக்கு வீட்டு ஞாபகம் வரும்.

ஒருநாள் காலையில் கோமதி சொன்னாள்: "ஏங்க, கண்ணு தெரியலைன்னா அப்படியே விட்டுரலாமா? தேவாங்கு கடையில தொலைநோக்கி வந்திருக்காம். ஒண்ணு வாங்கிருங்க."

ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது. "அதெல்லாம் எதுக்குடி?"

"உங்க கண்ணை விட வேற என்ன பெரிசு? ஆனா ஒண்ணு. உங்களுக்கு அலகு நீளம். கண்ணை ஒட்டவச்சுப் பார்க்கிறதை வாங்கிட்டு வந்து அலகை இடிச்சுக்காதீங்க. நல்லாத் தள்ளி இருந்தே பார்க்கிற மாதிரி கேட்டு வாங்குங்க."

அரைவயிறாய்க் கிடக்கிறவள் தன் அலகுக்காகக் கவலைப்படுகிறாளே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் ரெண்டு பழம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

தேவாங்கு கடையில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கி வரிசையில் நின்றான். முள்ளம்பன்றிக்குப் பின்னால் நெருங்கி நிற்க யாருக்கும் தைரியமில்லாததால் வரிசை வாய்க்கால் வரை போயிருந்தது. தேவாங்கோ ஒரு பெட்டியை எடுத்துவைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுப்பதற்குள் வெயில் இடம் மாறிவிடும்.

"வாங்க அண்ணாச்சி. இந்த மாடல்தான் இப்ப நல்லாப் போகுது. எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க."

ஆவுடையப்பன் கண்ணை வைத்தான். டொங்கென்று அலகு குழாயில் இடித்தது. பின்னால் நகர்ந்து பார்த்தான். சுற்றிலும் ஒரே இருட்டு, நடுவில் மிளகளவு வெளிச்சம்.

"ஒண்ணுமே தெரியலையே! அஞ்சு ஸ்டார் போட்ட புண்ணியவான் யாரு?"

"எல்லாம் ஆந்தைங்க, அண்ணாச்சி."

"ஆந்தைக்கு மூஞ்சி தட்டை! அது போட்ட ஸ்டாரை நான் என்ன செய்ய?"

"அதான் சொல்ல வந்தேன். உங்களுக்கு ஐ ரிலீஃப் ஜாஸ்தி வேணும். கண்ணாடியை விட்டு எவ்வளவு தள்ளிக் கண்ணை வச்சா முழு வட்டமும் தெரியுதோ, அந்தத் தூரம். சில மாடல்ல உருவத்தைப் பெரிசாக்கப் பெரிசாக்க அந்தத் தூரம் குறைஞ்சுகிட்டே வரும். அதையும் பார்த்து வாங்கணும்."

அப்போது ஆவுடையப்பனுக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. ஆந்தை மாடலையே வாங்கிவிட்டால் வாங்கினதாகவும் ஆச்சு, ஒன்றும் தெரியாததாகவும் ஆச்சு. பழைய சாக்கு அப்படியே இருக்கும். அதற்குள் தேவாங்கு அடுத்ததை ஸ்டாண்டில் மாட்டி, முனையிலிருந்த ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டது. "சும்மா பாருங்க அண்ணாச்சி."

அடடா! கழுத்தை வளைக்க வேண்டாம், கண்ணைச் சுருக்க வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தபடியே வட்டம் முழுசாகத் தெரிந்தது. எதிர்மலையில் பச்சைப்புறா கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது. அந்தச் சுகத்தில் யோசனை மறந்தே போய்விட்டது. அதையே வாங்கினான்.

மறுநாள் காலையில் பொந்து வாசல் கிளையில் ஸ்டாண்டை நிறுத்தி, பொந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோமதிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பார்த்தான்.

"ஆங்! எதிர்மலையில ஒரு மரம் தெரியுது. நாலஞ்சு பழம் இருக்கும் போல. போய்ட்டு வந்துர்றேன்."

"பத்திரம்," என்றாள் கோமதி.

சாயங்காலம் மூன்று பழத்தோடு வந்து சேர்ந்தான். "என்னத்தச் சொல்ல, மரம் பூராக் குரங்கு. அடிச்சுப் பிடிச்சு இதைக் கொண்டாறதுக்குள்ள உயிரே போச்சு."

கோமதி குஞ்சுக்கு இரண்டைக் கொடுத்து, ஒன்றைத் தான் விழுங்கினாள். "பாவம். அந்தக் கோணல் கொப்புல படுத்துத் தூங்குனீங்களே, கழுத்து வலிக்கலையா?"

ஆவுடையப்பனின் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

"பச்சைப்புறா ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, அது என்ன கதை? எனக்குப் பார்க்கத்தான் முடிஞ்சுது."

அப்போதுதான் கவனித்தான். காலையில் தள்ளி நிறுத்திய தொலைநோக்கி, பொந்துச் சந்தை ஒட்டி நின்றது. ஸ்டாண்டின் காலில் அலகால் கவ்வி இழுத்த தடம்.

"என் அலகு இடிக்குமேன்னுதானே தள்ளிப் பார்க்கிற மாதிரி வாங்கச் சொன்னே?"

"எனக்கும் அலகு இருக்குல்ல? நடுவுல இந்தச் சுவரு வேற." அவள் குரல் இறங்கியது. "குஞ்சு பசியில கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. நீங்க ஒண்ணொண்ணா உருட்டி உருட்டித் தின்னுக்கிட்டு இருந்தீங்க."

ஆவுடையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருட்டுவதற்குள் இன்னொரு நடை பறந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அத்திமரத்தில் உட்கார்ந்து வாயில் ஒரு பழத்தைப் போடப் போனால்கூட, ஒருதரம் வீட்டுப் பக்கம் திரும்பி, அசட்டுச் சிரிப்பொன்று சிரித்து, அதைக் குஞ்சுக்கு எடுத்துவைத்துக்கொள்வான். அவன் இளைத்தான், குஞ்சு கொழுத்தது.

கோமதி பொந்துக்குள்ளிருந்து போட்ட ஒரு சத்தத்தில் அக்கம்பக்கத்துப் பொந்துகளுக்கெல்லாம் சேதி போய்விட்டது. அடுத்த நாள் தேவாங்கு கடையில் சங்கத்து இருவாச்சிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். அவசரத்தில் முள்ளம்பன்றியை ஒட்டியே நின்றார்கள்.

"அந்த ஆந்தை மாடல் இருக்கா? அலகு நல்லா இடிக்கணும்," என்றது முதல் இருவாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி? வீட்டுல என்ன கேட்டு வாங்கச் சொன்னாங்க?"

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தள்ளி இருந்து, வசதியாப் பார்க்கிற மாதிரி."

நீதி: உன் சௌகரியத்தின் மேல் வீட்டில் திடீரென்று அக்கறை பிறந்தால், கடையிலேயே அசௌகரியமானதாகப் பார்த்து வாங்கு.