அட்மிரலும் காணாமல் போன கப்பலும்

வாடகைக்கு இருக்கிறவனிடம் வங்காள விரிகுடாவைச் சல்லடை போட்டுத் தேடித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்ட ஒரே வீட்டு ஓனர், உலகத்திலேயே ஹைதராபாத் அல்வாலில் இருந்த எங்கள் அட்மிரல்தான். பட்டப்பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மனிதர் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் படம் வரைந்து ரிடையரானவர். ஹுசைன் சாகர் ஏரியில் படகேறினாலே வாந்தி எடுப்பார்.

கடலோடு இருந்த ஒரே சம்பந்தம் அவருடைய அண்ணன். கடற்படையின் சரக்குக் கப்பலில் சமையல்காரர். விசாகப்பட்டினத்திலிருந்து அந்தமானுக்கு அரிசியும் டீசலும் ஏற்றிப் போன அந்தக் கப்பல் நடுக்கடலில் காணாமல் போய்விட்டது. புயல் இல்லை, தகவல் இல்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. எங்கேயோ ஆளில்லாத தீவில் கரை தட்டி நிற்கிறது என்பது அட்மிரலின் தீர்ப்பு. இருபது வருஷமாக அதே தீர்ப்பு.

கீழ்வீட்டில் நாங்கள் நாலு பேர், கொண்டாப்பூரில் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் பேச்சிலர்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று வந்த புதுசு. எந்தப் புண்ணியவானோ அதை அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டான். சரி, நான்தான். மறுநாளே ஸ்கேலும் பென்சிலுமாக வந்து, தீவு தீவாகக் கட்டம் போட்டு, ஆளுக்கு நூற்றைம்பது கட்டம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. காலை ஆறு மணிக்குக் கதவு இடிபடும். “ஏலே, சுமத்ரா பக்கம் என்னாச்சு?” என்பார். ஆபீஸ் வண்டி வாசலில் ஹாரன் அடிக்க, வாயில் பிரஷ்ஷோடு பதில் சொல்ல வேண்டும். உட்காரவும் மாட்டார், உட்காரவும் விடமாட்டார். அன்றைய இன்டர்நெட் இணைப்பில் ஒரு தீவு திரையில் தெளிவதற்குள் ஒரு தட்டு உப்புமா காலியாகிவிடும்.

கடைசியில், கெடு நெருங்கினால் எங்கள் இனம் செய்கிற காரியத்தைச் செய்தோம். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்த ஷீட்டில், பார்க்காத கட்டங்களுக்கும் பச்சை அடித்தோம். ஆபீசில் பச்சை என்றால் முடிந்தது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடலும் பச்சையாகிவிட்டது. அட்மிரல் பார்த்தார். ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவருடைய மதினி இறங்கி வந்தார். அண்ணனின் மனைவி, மாடியில் அட்மிரல் குடும்பத்தோடுதான் இருந்தார். இருபது வருஷமாகச் சேதி இல்லை, அதனால் காரியமும் செய்யவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன.

“எல்லா இடமும் பாத்துட்டியளாம்லா. வர்ற அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயி அவுகளுக்குக் காரியம் பண்ணிரலாம்னு இருக்கேன். ஒரு இடமும் விட்டுப்போகலியே, தம்பி?”

பின்னால் அட்மிரல் செருப்பு ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லம்மா. பாதிக்கு மேல பாக்கவே இல்ல. சும்மா பச்சை அடிச்சிட்டோம். மன்னிச்சிருங்க.”

அட்மிரல் எங்கள் பெட்டி படுக்கையைத் தெருவில் எறிவார் என்று நினைத்தேன். அவர் முகத்திலோ போன உயிர் திரும்பி வந்தது. “கைக்குலே முதல்லயே சொல்லல?” என்று திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’ என்கிற ஹைதராபாத் ஹிந்தி அவர் நாக்கில் முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மதினியும் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். ராமேஸ்வரம் பேச்சு அத்தோடு நின்றது.

இந்த முறை நிஜமாகவே தேடினோம், நாலு மாதம். கறுப்பாக ஒரு பாறை தெரிந்தாலும் அட்மிரல் துள்ளிக் குதிப்பார். பிறகு அது பாறைதான் என்று அவரே சொல்வார். ஒரு சனிக்கிழமை காலை ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது, பொட்டு மாதிரி ஒரு தீவு. மவுஸில் கை வைத்தேன். என் கையை அழுத்திப் பிடித்தார்.

“நக்கோ, வேண்டாம். இது இருக்கட்டும்லே.”

மதினி காபி போட எழுந்து போனார்.

இன்றைக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்க அரை நிமிஷம் போதும். எத்தனையோ தடவை கை பரபரத்திருக்கிறது. பார்க்க மாட்டேன். அட்மிரலின் அண்ணன் இருப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா?