ஒட்டகச் சித்தப்பாவுக்கு ஓர் எரிமலை

மனிதகுலம் இதுவரை கண்ட அன்புகளில் தலைசிறந்தது எது என்று கேட்டால், கேளிக்கைப் பூங்கா ரசிகர் பேரவை சற்றும் தயங்காமல் பதில் சொல்லும்: தான் போகாத இடத்தின் மீது ஒருவன் வைக்கும் அன்பு. போய்ப் பார்த்துவிட்டு நேசிப்பதில் என்ன பெருமை? டிக்கெட் வாங்கியவனுக்கு வேறு வழியில்லை, கொடுத்த காசுக்காவது நேசித்துத்தான் ஆகவேண்டும். ஒரு டிக்கெட்டும் வாங்காமல், இருந்த இடத்திலிருந்தே, வருஷக்கணக்காக நேசிப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

அந்த நெஞ்சுரத்துக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் பேரவையின் செயலாளர். பிழைப்புக்குக் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவரை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, "கடைசி வரி தெரியுதா சார்?" என்று கேட்டுவிட்டு, அவர் திணறுகிற நேரத்துக்குள் பேரவையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கண்டன அறிக்கை எழுதி முடித்துவிடுவார். கண்டனத்துக்கா பஞ்சம்? பூங்காவின் குதிரை ராட்டினத்துக்கு நீலம் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, 'நீலம் ராட்டினத்தின் ஆன்மாவுக்கு ஒவ்வாதது' என்று அவர் எழுதிய அறிக்கையைப் படித்துப் பல் டாக்டர் ஒருவர் கண்கலங்கினார். அவர்தான் பேரவையின் தலைவர்.

பூங்கா சரியாக ஓடவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ராட்டினத்தில் ஏறியவர்களை ராட்டினக்காரர் இறங்கவிடுவதில்லை என்றும், "அடுத்து ஏற ஆளில்ல, இன்னும் ஒரே ஒரு சுத்து" என்று கெஞ்சுகிறார் என்றும் பேசிக்கொண்டார்கள். பேரவை இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. கூட்டம் வருகிற இடத்தை எவனும் நேசிப்பான்.

பூங்காவின் சின்னம் ஒட்டகச் சித்தப்பா. கோடுபோட்ட கோட்டு, முதுகில் ஒற்றைத் திமில், எந்நேரமும் சிரித்த வாய். வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டும். பேரவை உறுப்பினர்களின் சட்டைப் பேட்ஜில் இருப்பது அதன் முகம்தான். செயலாளரின் கடைச் சுவரில், அவருடைய கல்யாணப் போட்டோவைவிடப் பெரிதாக அதன் படம் தொங்கியது.

அந்த ஒட்டகத்துக்குள் நிற்பது செயலாளரின் சொந்த மகள்.

படித்து முடித்து, நாலு இடம் ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்த வேலை. ஆனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பது ரசிக தர்மம் ஆகாது என்பது பேரவையின் விதி. விதியை எழுதியவரே அவர்தான் என்பதால், வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தார்.

"கழுத்து போச்சுப்பா. அந்தத் தலை மட்டும் அரை மூட்டை சிமெண்ட் கனம்" என்று மகள் வந்து நாற்காலியில் சாய்வாள்.

"அப்படியெல்லாம் வெளிய சொல்லிடாதம்மா. ரசிகர்கள் மனசு உடைஞ்சு போயிடும்."

"எந்த ரசிகர்கள்? இன்னைக்கு நான் கையாட்டினது ஒரு நாய்க்கு. அதுவும் டிக்கெட் எடுக்காம வந்தது."

அவள் அம்மா சுடுதண்ணீர்ப் பையோடு வந்து, மகள் கழுத்தில் வைத்துவிட்டு, செயலாளரை ஒரு பார்வை பார்ப்பாள். செயலாளர் உடனே செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்.

இப்படி அன்பு தழைத்திருந்த காலத்தில்தான் நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பூங்காவை 'விரிவாக்கப்' போகிறார்கள். நடுவில் ஓர் எரிமலை. அது வேளா வேளைக்குக் குமுறி நெருப்பைக் கக்கும். அதற்கு ஆகிற செலவில் இருக்கிற பூங்காவை இடித்துவிட்டு இன்னும் இரண்டு பூங்கா கட்டலாம். ஆனால் 'எதிர்காலம்' என்று ஒன்று இருக்கிறதே என்று நிர்வாகம் கேட்டிருந்தது.

பேரவை இரண்டாகப் பிளந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் தலைமையில் எரிமலை அணி. எரிமலை வராவிட்டால் பூங்காவுக்கு விமோசனமே இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. எதிர்த்து நின்றது செயலாளரின் படகு அணி. எரிமலை எழும்பப் போகிற இடத்தில்தான் 'பாதாளப் படகு' இருந்தது. இருட்டுக் குகைக்குள் மெதுவாக நகரும் அந்தப் படகில்தான் செயலாளர் தன் மகளைச் சின்ன வயதில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அவள் பயந்து அவர் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. அவர் பூங்காவுக்குக் கடைசியாகப் போனதும் அன்றுதான்.

"படகைத் தொட்டால் எங்கள் பிணத்தின் மீதுதான்" என்று அவர் குரூப்பில் எழுதினார். "பிணத்துக்குத் தனி டிக்கெட்டா?" என்று எரிமலை அணி கேட்டது. விவாதம் இந்த உயரத்துக்குப் போய்விட்ட பிறகு கடையில் இரண்டு பேருக்குக் கண்ணாடி மாறிப்போனது. தூரப் பார்வைக்காரர் கிட்டப் பார்வைக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்ப் படியில் தடுக்கி விழுந்தார்.

மகள்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "அப்பா, அந்தப் படகு ஓடுறதே இல்ல. தண்ணிய எடுத்து எவ்வளவோ நாளாச்சு. குகைக்குள்ள இப்ப பிளாஸ்டிக் நாற்காலிதான் அடுக்கி வச்சிருக்கோம். வெளிய வாடகைக்கு விடறதுக்கு."

செயலாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். "இது எரிமலை அணி கிளப்பிவிட்ட வதந்தி."

"நான் தினமும் அங்கதான் உட்கார்ந்து சாப்பிடறேன்ப்பா!"

"நீ உள்ளயே இருக்கறவ. உனக்கு முழுப் படமும் தெரியாதும்மா."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. வேறொன்றைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எரிமலைக்குக் கடன் கொடுக்கிற பேங்க்காரர்கள் பூங்கா வாசலில் வந்து உட்காரப் போகிறார்கள். யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கூட்டம் இருந்தால் கடன் உண்டு, பூங்கா பிழைக்கும். இல்லையென்றால் நிர்வாகம் இடத்தைச் சரக்குக் கிடங்குக்காரனுக்கு விற்றுவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

"நீங்க வரணும்ப்பா. உங்க ஆளுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வரணும். எனக்கு மட்டும் இல்ல. ராட்டினக்காரருக்கு வேற வேலை தெரியாது. டிக்கெட் அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒரே ஒரு நாள்தான்ப்பா."

செயலாளர் செல்போனைக் கீழே வைத்தார். உண்மையாகவே வைத்தார். "சத்தியமா வர்றேம்மா" என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

சொன்னபடியே அன்று மாலைக்குள் எல்லா உறுப்பினருக்கும் சுற்றறிக்கை போனது. 'பூங்கா உயிருக்குப் போராடுகிறது. இந்த இக்கட்டைப் பேரவை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை விவாதிக்க அவசரப் பொதுக்குழு. இடம்: பள்ளிக்கூட அரங்கம். நாள்: ஞாயிற்றுக்கிழமை.' அன்றுதான் எல்லோருக்கும் லீவு. அதோடு, பூங்காவின் தலைவிதி முடிவாகிற அதே நாளில் கூடுவது உணர்வுபூர்வமாகவும் பொருத்தமாக இருந்தது. கூட்டத்தைச் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு, எல்லோரையும் ஊர்வலமாகப் பூங்காவுக்கு அழைத்துப்போவது செயலாளரின் திட்டம்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நிற்க இடமில்லை. பள்ளிக்கூட பெஞ்சு போதாமல் வாடகை நாற்காலி வரவழைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒட்டகச் சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தது. செயலாளர் அதைப் பார்த்தார். பாதாளப் படகின் ஞாபகம் ஒரு கணம் வந்தது. அதற்குள் மைக் அவர் கைக்கு வந்துவிட்டது.

அவர் பேசினார். வாசலில் வெயிலென்றும் பாராமல் நிற்கிற ஒட்டகத்தின் தியாகத்தைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் மூக்கு சிந்தும் சத்தம் கேட்டது. கைதட்டல் ஓய்ந்ததும், தையல்கடை நடத்துகிற அம்மாள் ஒருவர் எழுந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் தோணுது. நாம இத்தனை பேர் இருக்கோம். பஸ் ஸ்டாப் எதிர்லயே இருக்கு. இப்பவே எல்லாரும் கிளம்பிப் போயிட்டா என்ன?"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு கோணம் தோன்றியிருக்கவில்லை.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "அம்மா, அவசரப்படாதீங்க. இன்னைக்கு நாம போய்க் கூட்டம் காட்டினா, 'பூங்கா இப்பவே நல்லாத்தானே ஓடுது, எரிமலை எதுக்கு'ன்னு கேட்க மாட்டானா? எரிமலை வேணும்னு நினைக்கிறவன் எவனும் இன்னைக்கு அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

படகு அணி கொதித்து எழுந்தது. "நாங்க மட்டும் போவோமா? நாங்க போய்க் கூட்டம் சேர்ந்தா கடன் கிடைச்சிடும். கடன் கிடைச்சா எரிமலை வந்துடும். எரிமலை வந்தா படகு போச்சு. கொள்கைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

வரலாற்றில் முதல்முறையாக இரண்டு அணிகளும் ஒரே முடிவுக்கு வந்திருந்தன. தலைவர் எழுந்து பல் டாக்டருக்கே உரிய பொறுமையோடு சொன்னார். "அந்த அம்மா சொன்னது நல்ல யோசனைதான். வாய் திறந்து நல்லா காட்டிட்டாங்க. ஆராய ஒரு குழு போடுவோம்." குழுவில் யார் யார் என்பதில் தகராறு வந்தது. தையல்கடை அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

செயலாளர் வாட்சைப் பார்த்தார். எழுந்து, "போதும், நான் போறேன், என் மகள் அங்க நிக்கிறா" என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். மைக்கைப் பிடிக்கவும் பிடித்தார். "ஆனாலும்..." என்று தொடங்கினார். அது அருமையான தொடக்கமாக அமைந்துவிட்டது. கைதட்டினார்கள். கைதட்டுகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கூட்டம் கலைந்தபோது பூங்கா மூடியிருந்தது.

வீட்டில் மகள் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்ல ஓர் உரை அவரிடம் இருந்தது.

"பேங்க்காரர் என்கிட்ட வந்து ஒரு கேள்வி கேட்டார்ப்பா. 'காலையில உங்க கேட்டைத் தாண்டி வண்டி வண்டியா நாற்காலி வெளிய போச்சே, எங்க விசேஷம்?'னு. உள்ள வந்த ஆளைவிட வெளிய போன நாற்காலி ஜாஸ்தி."

"யாருமே வரலியா?"

"அம்மா வந்தாங்க. ராட்டினத்துல இறங்காம சுத்திக்கிட்டே இருந்தாங்க, பாவம், தலை சுத்தி வாந்தி எடுக்கற வரைக்கும். சாயந்தரம் ஒரு தையல்கடை அம்மா வந்தாங்க."

அடுக்களையில் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தாள். செயலாளர் கிட்டே போய் நின்றார். தன்னைப்போல் ஒரு மனிதனை எந்தப் பேரவையும் கண்டிக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பூங்காவை மூடுகிற அறிவிப்பு வந்தது. கடைசி நாளன்று எல்லோரும் வந்தார்கள். அப்படியொரு கூட்டத்தைப் பூங்கா அதன் ஆயுளில் கண்டதில்லை. வரிசை வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் நீண்டது. எரிமலை அணியும் படகு அணியும் ஒரே மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தன. தண்ணீர் வசதி இல்லை என்று வழியிலேயே ஒரு கண்டனமும் தயாராகியிருந்தது.

செயலாளர் வாசலுக்கு வந்து, ஒட்டகச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

"அப்பா" என்றது ஒட்டகம். "வரிசை அந்தப் பக்கம்."

அவர் நகரவில்லை. ஒட்டகம் அவர் கையைப் பிடித்து டிக்கெட் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தலையைக் கழற்றியது. மகளின் முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"இதைக் கொஞ்ச நேரம் போட்டுக்கோங்க. நான் இங்க வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ராட்டினத்துல ஏறினதே இல்ல. ஒரு தடவை ஏறிட்டு வந்துடறேன்." அவர் பதில் சொல்வதற்குள் கோடுபோட்ட கோட்டையும் திமிலையும் அவருக்கு மாட்டி, தலையையும் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

உள்ளே இருட்டு. வியர்வை நாற்றம். உண்மையாகவே அரை மூட்டை சிமெண்ட். சிரித்த வாயில் இருந்த வலை வழியாகத்தான் வெளியுலகம் தெரிந்தது. தடுமாறி வாசலுக்கு வந்து பார்த்தார். ரசிகர்கள் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பூங்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மகள் தினமும் பார்த்த வெறும் வாசலே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

தலைவர் வந்து அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நான் அப்பவே நினைச்சேன். கோளாறே இந்த ஒட்டகத்துலதான். வாசல்ல நின்னு நாலு பேரை ஒழுங்கா உள்ள கூப்பிட்டிருந்தா பூங்காவுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

"கரெக்ட் சார்" என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "கூப்பிட வேண்டியவன் கூப்பிடல. அதான் விஷயம். இதை இப்பவே தீர்மானமா போட்டுடலாம். செயலாளர் எங்க?"

"இங்கதான் எங்கயாவது உருக்கமா நிப்பார். பரவாயில்ல, நாமளே போடுவோம். பூங்கா மூடினதுக்கு முழுப் பொறுப்பும் ஒட்டகம்தான்னு ஒத்துக்கறவங்க எல்லாம் கை தூக்குங்க!"

எரிமலை அணி தூக்கியது. படகு அணி தூக்கியது. பேரவையின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

எல்லோருக்கும் முன்னால் உயர்ந்தது ஒட்டகத்தின் கை.