துரு அகற்றும் குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனின் பெயரை உலகம் தொலைத்துவிட்டது. போகட்டும். ஒரு சக்கரத்தை ஒன்றரை வருடம் உருளவிடாமல் பாதுகாத்த எங்கள் ‘பழம்பொருள் மீட்புச் சங்க’த்தையாவது வரலாறு தொலைக்கக் கூடாது. அதனால், சங்கத்தின் செயலாளராகிய நானே எழுதி வைக்கிறேன்.

2004 சித்திரையில் செங்கம் ரோட்டில் மூர்த்தியின் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமங்களில் தடுப்பூசி போடும் நர்ஸ் சந்திரகலா, மலையேறும் சைக்கிள் ஒன்றோடு நின்றிருந்தார். ரமணாசிரமம் அருகே அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட நன்றிக்காக, ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பஸ் போகாத ஊர்களுக்கு ஊசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில்தான் போவார்.

“பெயிண்ட்டு உரிஞ்சி பூடுச்சிண்ணா. ஒரு கோட்டு அடிச்சிக் குடுங்க, நாளைக்கு வேணும்” என்றார்.

குனிந்து பார்த்தேன். அலுமினிய ஃபிரேமின் அடியில் ‘1989’ என்று பொறித்திருந்தது. எனக்குப் புல்லரித்தது.

“அம்மா, இது விண்டேஜ்!”

“அது இன்னா வியாதி சார்?”

அறியாமையை மன்னித்தேன். “சங்கமே புதுப்பிச்சுத் தரும். ஒரே வாரம்” என்றேன். நம்பினார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். லாட்ஜ் உரிமையாளரும் சங்கத் தலைவருமான இராமலிங்கம், ‘துரு அகற்றும் துணைக்குழு’வை அமைத்தார்.

அழைப்பின் பேரில் வந்திருந்த மூர்த்தி எழுந்தார். “சார், இது அலுமினியம். துரு பிடிக்காது.”

தலைவர் யோசித்தார். “அப்போ வேலை ஜாஸ்தியாச்சே! பிடிக்காத துருவை எப்படி எடுக்கிறது?”

இதை ஆராய நான்கு மாதம் ஆனது. இதற்கிடையே மூர்த்தி யாரையும் கேட்காமல் பெயிண்ட்டை உரித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஃபிரேமை வெள்ளிக் குத்துவிளக்குபோல் ஆக்கிவிட்டார். நான்கே நாளில்! இந்த ஒழுங்கீனத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்டோம்.

அடுத்தது நிறம். ஆதியில் அது நீலமா பச்சையா? சைக்கிளைச் செய்த அமெரிக்கக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரும்வரை சைக்கிளைத் தலைவரின் லாட்ஜில் பூட்டி வைத்தோம்.

வாரா வாரம் சந்திரகலா வந்தார்.

“சார், ஆறு மைல் நடக்கிறேன். பெட்டியில ஐஸ் உருகிப் போவுது. போன வாரம் மருந்து மொத்தமும் வீணாப் போச்சு. புள்ளைங்களத் தூக்கிக்கினு காத்திருந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“ஐஸ் உருகும்மா. பாரம்பரியம் உருகாது” என்றார் தலைவர். இந்தப் பொன்மொழியை உடனே லெட்டர்பேடில் அச்சடித்தோம்.

அமெரிக்கா பதில் போடவில்லை. நிறமே வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, 2005 ஐப்பசியில் லாட்ஜ் வாசலில் ‘அர்ப்பணிப்பு விழா’ வைத்தோம். கண்ணாடிப் பெட்டி தயார். மூர்த்தி சக்கரங்களை மாட்டி, குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியில நிக்கப் போற வண்டிக்குக் காத்து எதுக்குய்யா?” என்று கேட்டேன்.

“ஒரு மரியாதைக்குத்தான் சார்.”

ரிப்பனை வெட்டும் கௌரவத்தைப் பெருந்தன்மையோடு சந்திரகலாவுக்கே அளித்தோம். அவர் வெட்டினார். கத்தரிக்கோலைத் தலைவர் கையில் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஏறி மிதித்தார். தலைவர் வரவேற்புரையில் ‘பெரியோர்களே’ என்பதைத் தாண்டுவதற்குள் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து மறைந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சி நிரலில் அது இல்லவே இல்லை.

சைக்கிள் திருட்டு என்று புகார் கொடுக்க நேராகக் காவல் நிலையம் போனேன். எஸ்.ஐ. எழிலரசி பொறுமையாகக் கேட்டார்.

“வண்டி யாருதுங்க?”

“அந்தம்மாவுதுதான்.”

“ஒரு வாரம்னு வாங்கி, ஒன்றரை வருஷம் குடுக்காம பூட்டி வச்சது யாரு?”

எங்கள் சேவையை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் பாராட்டியதில்லை. “நாங்கதாங்க!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். காகிதத்தின் தலைப்பில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம்’ என்றிருந்தது.