விலா எலும்புக்கு ஆசைப்பட்ட லூர்து

சிலுவையில் தொங்கும்போது இயேசுவுக்குச் சட்டை கிடையாது. ராயபுரம் லூர்துவுக்கு இது, வேடம் கிடைத்த மறுநாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோதுதான் உறைத்தது.

பெரிய வெள்ளிக்குப் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டிப் போடும் பாஸ்கா நாடகத்தில், மீசை முளைத்த நாளிலிருந்து அவன் ரோமானியச் சிப்பாய். தொப்பைக்கு மேல் அட்டைக் கவசம் கட்டிக்கொண்டு சாட்டையைச் சுழற்றுவான். சனம் அவனுக்குச் சாபம் கொடுக்கும். இந்த வருஷம்தான் நாடகம் நடத்தும் உபதேசியார் அருள்பிரகாசம் அவனைக் கூப்பிட்டு, நீதான்டா இயேசு என்றார். லூர்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்தத் தொப்பையோடு சிலுவையில் ஏறினால் கல்மண்டபம் வரை சிரிக்கும். வேடத்தை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்கியது வசதியாகப் போயிற்று. காலையில் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர், ராத்திரி ஒரு வெள்ளரிக்காய். அதற்கு நடுவே கன்டெய்னர் யார்டில் வேலை. இது போதாதென்று விடிந்ததும் காசிமேட்டுப் பக்கம் ஓட்டம். நோன்பில் மீனுக்குத் தடையில்லையே என்று மனைவி ஜானட் வஞ்சிரம் வறுத்து வைத்துப் பார்த்தாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

சீக்கிரமே ஒருநாள் மீன் ஏலத்துக்கு நடுவில் மயங்கி, இறால் கூடைக்குள் உட்கார்ந்தான். மீன்காரி ஹெப்சிபா சோடா தெளித்து எழுப்பினாள். பட்டினிதான் காரணம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவனுக்கு மட்டும், உடம்புக்குப் பயிற்சி போதவில்லை என்று தோன்றியது. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங்கும் சேர்த்துக்கொண்டான். கன்னம் ஒட்டிப்போய், பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிறு பூசையில், நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவன் பெயரை வாசித்தார்கள். விசாரித்தால், சொல்லிவிட்டு வந்தவள் ஜானட். நோயாளிக்கு யார் இயேசு வேடம் கொடுப்பார்கள்? தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட, அன்று சாயந்திரமே தெருமுனையில் சனம் பார்க்கத் தண்டால் எடுத்தான். கீழே போனவன் மேலே வரவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு பங்குச் சாமியார் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணியும் இல்ல சாமி. எக்சசைஸ் பண்ணிகினு கீறேன்" என்றான் லூர்து, தரையோடு தரையாக.

சாமியார் பூசிவிட்டுத்தான் போனார்.

ஒத்திகை நாள் வந்தது. லூர்து சட்டையைக் கழற்றினான். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கண் கலங்கினார்கள். பட்ட பாடு வீண்போகவில்லை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது சிலுவை வந்தது. வழக்கமான பிளைவுட் சிலுவை இல்லை. காசிமேட்டில் படகு கட்டும் சௌக்கத் அலி பாய், படகு மரத்தில் புதிதாகச் செய்தது. மீன்பாடி வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். லூர்துவின் தோளில் அதைச் சாய்த்தார்கள். சிலுவை சுமந்துபோகும் இயேசு முதல் முறை விழ வேண்டிய இடம் தெருக்கோடியில் இருந்தது. லூர்து புறப்பட்ட இடத்திலேயே விழுந்தான். சிப்பாய்கள் எல்லாம் சேர்ந்து சிலுவையைத் தூக்கி, அடியிலிருந்து அவனை உருவி எடுத்தார்கள். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டு, இருப்பதிலேயே பருமனான சிப்பாய் ஜெரியை இயேசுவாக்கிவிட்டுப் போய்விட்டார்.

லூர்துவுக்கு ஆத்திரத்தைக் காட்ட, சிலுவையோடு வந்திருந்த பாய்தான் எதிரில் இருந்தார்.

"இந்த வேசத்துக்கோசரம் பட்னி கெடந்து செத்துகினு கீறேன். இம்மாங்கனமா ஒரு சிலுவய எவன் பாய் உன்னாண்ட செய்ய சொன்னது?"

சௌக்கத் அலி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உபதேசியாருதான் நைனா, உனுக்கு வேசம் குடுத்த அன்னிக்கே. பழைய சிலுவ உன் ஒடம்ப தாங்காதுன்னாரு."