தெற்குத் தெரு தனி ஊர்

“எங்க தெருவைத் தனியாப் பிரிச்சு விட்ருங்க பெரியப்பா.”

சாவடிக் கூட்டத்தில் யோகேஸ்வரி எழுந்து நின்று இதைச் சொன்னதும், அவள் அம்மா ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். எதை வேண்டுமானாலும் கேள், பிரித்துவிடச் சொல்லி மட்டும் கேட்காதே என்று வீட்டு வாசலிலேயே மகளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

ஊர்த் தலைவர் ஜெயச்சந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவருடைய பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. யோகேஸ்வரியின் அப்பா முத்துக்கிருஷ்ணன் அங்கே போர்மேன்.

“ஊரை ரெண்டாக்கணுங்கிறியா?”

“போன கூட்டத்துல அஞ்சை நாலாக்குனது நீங்கதான?”

ஐந்து ஊர் சேர்ந்த சங்கம் அது. பங்குனிப் பொங்கலுக்குச் சங்கம் போட்ட விருந்தில் இந்த ஊர்க்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தபோது பாயாசம் தீர்ந்துபோனது. உடனே கூடிய ஊர்க் கூட்டத்தில் “இனி நம்ம தலையெழுத்தை நாமளே எழுதுவோம்” என்று ஜெயச்சந்திரன் மைக்கில் முழங்கினார். விலகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். யோகேஸ்வரி குடியிருக்கும் தெற்குத் தெருவில் ஒரு கைகூட எழவில்லை. வடக்குத் தெருவில் வீடு அதிகம், கையும் அதிகம். ஊர் விலகிவிட்டது. பெண்களின் கைகளை யாரும் எண்ணவில்லை. அவை அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தன.

சங்கத்துக்கு மதுரையில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. சங்கத்தில் உள்ள ஊர்ப் பெண்களுக்குத்தான் அங்கே இடம். குடும்பத்தில் முதல் பட்டதாரியான யோகேஸ்வரிக்கு மதுரையில் எம்.ஏ. அரசியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை என்று முத்துக்கிருஷ்ணன் சொல்லிவிட்டார். கம்பெனி ஆபீஸில் அவள் உட்கார்ந்து பில் போட ஜெயச்சந்திரன் ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்.

“பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுச்சு. ஸ்காட்லாந்துக்காரக இருக்கணும்னுதான் ஓட்டுப் போட்டாக. எங்களையும் சேத்து இழுத்துட்டுப் போறீகளே, அப்ப நாங்க உங்களை விட்டுப் போறோம்னு சொன்னாக. நாங்களும் அதான் கேக்கோம்” என்றாள்.

“அங்கனயும் பாயாசந்தானா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெயச்சந்திரன் கேட்டார், “கடைசியில பிரிஞ்சாகளா?”

“இன்னும் பேசிக்கிட்டிருக்காக.”

“அப்ப நீயும் பேசிக்கிட்டே இரு. ஏலே, பாயைச் சுருட்டுங்கடா!”

மறுநாள் யோகேஸ்வரி திருத்தங்கலில் இருக்கும் சங்க அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். காவலாளி யோபு மட்டும் இருந்தார்.

“செயலாளர் இல்லையா?”

“மீட்டிங்ல இருக்காக தாயி. எப்பப் பாத்தாலும் மீட்டிங்தான்.”

அவள் பாயாசக் கதையைச் சொன்னாள். யோபு சலித்துக்கொண்டார். “உங்க ஊருக்கு மட்டுமா கிடைக்கல? தினம் ஒரு ஊர்க்காரக வந்து இங்கன அதைத்தான் கத்திட்டுப் போறாக.”

“எங்க தெரு மட்டும் சங்கத்துல இருக்கலாமா?”

“தெருவையெல்லாம் சேர்க்க மாட்டாக. ஊரா இருக்கணும். தனியாப் பொங்கல் வச்சா ஊரு. தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தா செல்லும்.”

இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. அந்த வெள்ளிக்கிழமையே தெற்குத் தெரு, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் தனிப் பொங்கல் வைத்தது.

சனிக்கிழமை கம்பெனி வேன் தெற்குத் தெருவுக்குள் வரவில்லை. வேற்றூருக்கு வேன் கிடையாதாம். வேன் இல்லாமல் வேற்றூரிலிருந்து எப்படி வேலைக்கு வருவது என்று தெற்குத் தெருப் பெண்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது வடக்குத் தெரு, திரி சொருகுவது தெற்குத் தெரு. தீபாவளி சீசன் ஆர்டருக்கு உருட்டிய குழாய்களெல்லாம் திரி இல்லாமல் மலையாகக் குவிந்தன.

தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பொன்னுத்தங்கத்துக்கு வாடிக்கையெல்லாம் வடக்கு. அவள் வந்து நின்றாள். “யோகேசு, என் கடை தெற்குத் தெருவுல இருந்து தனியாப் பிரியுது.”

“ஒத்தக் கடை எப்பிடிக்கா தனியாப் பிரியும்?”

“ஒத்தத் தெரு பிரியலையா? அப்பிடித்தான்.”

யோகேஸ்வரி படித்த புத்தகங்களில் டீக்கடையைப் பற்றி எதுவும் இல்லை.

வீட்டில் முத்துக்கிருஷ்ணன், தான் வடக்கு என்று அறிவித்தார். போர்மேன் வேறு எப்படி அறிவிக்க முடியும்? ராமுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். “அடுப்பு தெற்கு. வடக்குக்கு இங்கன சோறு கிடையாது.” மகள் பிரிக்கச் சொல்லிக் கேட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்டவள்தான் இவள்.

அவர் டீக்கடைக்குப் போனார். பொன்னுத்தங்கம் பாய்லரைத் திறக்கவில்லை. “வேலை பாக்கிறது வடக்கு, குடியிருக்கிறது தெற்கு. எந்த ஊருன்னு முடிவு பண்ணிட்டு வாங்கண்ணாச்சி, அப்புறம் டீ போடுதேன்.”

கடைசியில் ஜெயச்சந்திரனே காரில் வந்து இறங்கினார்.

“உனக்கு ஏசி ரூம்ல நாற்காலி போடுதேன். இந்தக் கூத்தை நிறுத்து தாயி. ஊருன்னா ஒத்துமை வேணாமா?”

“சங்கத்துக்கும் அது வேணும்லா பெரியப்பா? நாற்காலியை நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த கூட்டத்துல பொம்பளைக கையையும் எண்ணுவேன்னு சொல்லுங்க, நிறுத்துதேன்.”

“பொம்பளைக கை தூக்கவா? நல்லா இருக்கே!”

“உங்க வெடிக்குத் திரி சொருகுறது அந்தக் கைதான்.”

ஜெயச்சந்திரன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய தாளில் புது ஊரின் தலைவர் கையெழுத்துதான் பாக்கி. தெற்குத் தெருவில் ஓர் ஆண்கூடப் பேனாவைத் தொடவில்லை. ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்குக் கண்ணாடியைக் காணோம். விடிந்தால் எல்லாரும் ஜெயச்சந்திரன் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

யோகேஸ்வரி பேனாவைப் பிடுங்கினாள். ‘தலைவர்’ என்ற இடத்துக்கு மேல் தன் பெயரைப் போட்டாள்.

“தலைவர்னு கையெழுத்துப் போட்டவளை எவன்டி கட்டுவான்?” என்றாள் ராமுத்தாய்.

“அதுக்குப் பயப்படுறவன் எனக்கு வேண்டாம்மா.”

அன்றைக்கே துணியையும் சான்றிதழ்களையும் பையில் அடைத்தாள். முத்துக்கிருஷ்ணன் வாசலில் குறுக்கே நின்றார். பசியில் குரல் எழும்பவில்லை.

“விடுதி கிடைக்கலைன்னா என்ன செய்வ?”

“பஸ் ஸ்டாண்டுல படுத்தாவது படிப்பேன். வழியை விடுங்க.”

“தள்ளி நில்லுங்க போர்மேன்” என்றாள் உள்ளேயிருந்து ராமுத்தாய். “வாசலும் தெற்குதான்.”

அவர் விலகினார்.

சங்க அலுவலகத்தில் செயலாளரின் நாற்காலி அன்றைக்கும் காலி. யோகேஸ்வரி தாளை மேசையில் அறைந்தாள்.

“அவுக மீட்டிங் முடிஞ்சு வந்தா சொல்லுங்க. நாங்க தனி ஊரு. சங்கத்தை விட்டுப் போக மாட்டோம். ரூம் குடுத்தாலும் நான் மதுரைக்குப் போறேன், குடுக்காட்டியும் போறேன்.”

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கி நடந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தமும், ஒரு கொத்துச் சாவி குலுங்கும் சத்தமும் ஓடி வந்தன.

“நில்லுங்க தாயி!” யோபுவுக்கு மூச்சு இரைத்தது. “விடுதிச் சாவி, ஆபீஸ் சாவி எல்லாத்தையும் வாங்கிட்டுப் போங்க. செயலாளரோட சேர்ந்து மத்த நாலு ஊரும் விலகிட்டாக. இனி சங்கம்னா உங்க தெரு மட்டுந்தான்!”